கரட்டுமேட்டுக் குழாயடிப் பதிவேடு

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. நல்ல நாள், நல்ல நேரம், நல்ல பேனா. உரக்கடை ராமசுப்பு ஊரில் நாலே பேருக்குத்தான் டைரி கொடுப்பார். அதில் நான் ஒருவன். போன வருஷத்து டைரிதான். இருக்கட்டும், தேதியை அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன்.

பிற்காலத்தில் யாராவது படிப்பார்கள் என்பதால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சங்கிலிமுத்து. வயது அறுபத்தொன்று, பார்க்கிறவர்கள் ஐம்பது சொல்வார்கள். லாரி புக்கிங் ஆபீஸில் முப்பது வருஷம். மேனேஜர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், ஆபீஸை நடத்தினது நான். படிப்பு எட்டாவது. பரீட்சை மட்டும் எழுதவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நகராட்சி எங்கள் ஊர்த் தண்ணீரை அப்படியே தூக்கி தாராநீர் கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. இருபது வருஷத்துக்கு. தொட்டி அவனுடையது, பைப் அவனுடையது, வால்வு அவனுடையது. வேறு யாரும் இந்த ஊரில் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம். அதைக் காட்டி, எங்கள் தெருவில் இருந்த அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். தும்பிக்கை போன யானை மாதிரி நிற்கிறது அது.

எங்கள் தெரு கரட்டுமேடு. பாறைமேல் இருக்கிறது. கீழே கோட்டைச்சாமி டீக்கடையிலிருந்து நூற்றியெட்டுப் படி. மேலே ஒரு குழாய், அதில் நூல் மாதிரி வரும். டீக்கடைப் பக்கம் ஒரு குழாய், அதில் கொட்டும். கம்பெனி தன் மீட்டரை எங்கே வைத்திருக்கிறது? டீக்கடைப் பக்கம். திருட்டுப் பயல்கள்.

இவர்களைக் கேள்வி கேட்க அரசாங்கம் ஒரு ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கிறது. எந்தக் குழாயானாலும் தினம் இரண்டு மணி நேரம் வர வேண்டும், ஒரு குடம் ஒரு நிமிஷத்தில் நிறைய வேண்டும். அது ஒப்பந்தம். தெருவுக்கு ஒருவர் தொண்ணூறு நாள் பதிவேடு எழுதித் தர வேண்டும். ஜூலை 24 அன்று நம் ஊரிலேயே விசாரணை. கம்பெனிமேல் தப்பு என்று நிரூபித்தால் கரட்டுமேட்டுக்குத் தனி பைப், தனி மோட்டார். நிரூபிக்காவிட்டால் அடுத்த விசாரணை ஐந்து வருஷம் கழித்து.

யார் எழுதுவது என்ற கேள்வி வந்ததும் தெருவே என் பெயரைச் சொன்னது. என் அக்கா மகள் தமயந்தி மட்டும் வேறு மாதிரி பேசினாள். அவள் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ், தெருச் சங்கத்துக்குச் செயலாளர். “அத்தை எழுதட்டுமே மாமா. குழாயடியில நிக்கிறது அவங்கதானே.”

“உங்க அத்தை அஞ்சாங்கிளாஸ்” என்றேன். “ஆணையத்துக்குப் போற காயிதம்மா இது.”

ஏப்ரல் 15

முதல் நாள். பச்சை அட்டை போட்ட பதிவேடு. முதல் பக்கத்தில் தெருவின் வரலாற்றை எழுதினேன். பாண்டியர் காலத்திலிருந்து.

தண்ணீர் வந்தபோது நான் டீக்கடையில் மக்கள் கருத்தைத் திரட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சீனியம்மாளைக் கேட்டேன். என் மனைவி ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் என்று பென்சிலால் குறித்து, அடுப்படிக் கம்பியில் குத்தி வைப்பாள். மறுநாள் எந்நேரம் போய் நிற்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். இன்றைய தாளில் இருந்தது: 11.20. 11.45. 8.

இதையா ஆணையத்துக்கு அனுப்புவது? கேட்டால் யாருக்காவது ரத்தம் கொதிக்குமா?

நான் எழுதினேன்: “விடிந்தது முதல் உச்சிவேளை வரை ஆறு மணி நேரம் குழாயடியில் நின்றேன். ஒரு சொட்டு வரவில்லை. நாக்கு வறண்டது. குழந்தைகள் கதறினர்.”

ஏப்ரல் 23

தமயந்தி வந்து கத்திவிட்டுப் போனாள். மாசியில் சீனியம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. ஆறு மாசம் குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். நானும் கூடத்தான் இருந்தேன், கேட்டேன். அதற்காகத்தானே இந்தப் பதிவேடே எழுதுகிறேன்? தனி பைப் வந்தால் அவள் ஏன் தூக்கப்போகிறாள்?

“அதுவரைக்கும் யார் மாமா தூக்குறது?”

“அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கட்டும்.”

மேல்குழாயில் மூன்று குடம் கிடைக்கிறது. மீதி ஐந்து கீழிருந்து. அவள் இடுப்பு பழகின இடுப்பு. நான் தூக்கினால் தெருவில் என்ன பேசுவார்கள்? பதிவேட்டை எழுதுகிற கைக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

மே 2

வெயில். டீக்கடையில் பதிவேட்டை வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டு பேர் கண் கலங்கினார்கள்.

கோட்டைச்சாமி மட்டும், “அண்ணே, நேத்து ஒங்க தெருவுல கால் மணி நேரம் வந்துச்சே. என் பொண்டாட்டி அங்கனதான் இருந்தா” என்றான்.

“கால் மணி நேரம் வர்றதெல்லாம் வர்றதாடா?”

“அதைத்தாண்ணே சொல்றேன். கால் மணி நேரம்னே எழுதுனாலும் கம்பெனி மாட்டும்ல? ரெண்டு மணி நேரம்ல வரணும்?”

கீழ்த்தெருக்காரன் புத்தி. அவனுக்குக் கொட்டுகிறது, பேசுகிறான்.

மே 11

தண்ணீர் வந்தது. விவரம் பதிவேட்டில். (அங்கே வரவில்லை.)

மே 20

வீட்டைச் சுத்தம் செய்தேன். அடுப்படிக் கம்பியில் ஒரு மாசத்துத் தாள் தொங்குகிறது. பதிவேடு என்று ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு? யாராவது பார்த்தால் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். இரண்டு தாளில் வெற்றிலை மடித்தேன். மீதியைக் கம்பியோடு குப்பையில் போட்டேன்.

சாயங்காலம் புதுக் கம்பி ஒன்று தொங்கியது.

மே 26

அபாரமான யோசனை. தினமும் எழுதுவதில் கை ஓய்கிறது, நடையும் கெடுகிறது. எப்படியும் கம்பெனிக்காரன் தண்ணீர் தரப்போவதில்லை. காலையில் உட்கார்ந்தேன், மத்தியானச் சோற்றுக்கு எழுந்தேன். ஜூன் மாசத்தின் முப்பத்தியொரு நாளையும் ஒரே உட்காரலில் முடித்துவிட்டேன். ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இல்லை. ஒரு நாள் கிழவி மயங்கி விழுகிறாள், ஒரு நாள் பசு மாடு குழாயை நக்கிப் பார்க்கிறது. 18ஆம் தேதிக்குச் சீனியம்மாளையும் சேர்த்தேன், பாவம், அவள் பெயரும் ஆணையத்தில் இருக்கட்டும் என்று: “நானும் என் மனைவியும் கைகோத்தபடி குழாயடியில் ஆறு மணி நேரம் காத்திருந்தோம்.”

மே 28

கம்பெனியின் ஏரியா ஆபீசர் பிரதாப் இன்று டீக்கடைக்கு வந்தான். பிறகு நடந்ததை ஊரே பேசுகிறது. அவன் சட்டையைப் பிடித்து, “தும்பிக்கையை எங்கடா வச்சிருக்க?” என்று கேட்டேன். நடுங்கிவிட்டான். (சட்டையைப் பிடிக்கவில்லை. பிடிக்கிற தூரத்தில் நின்றேன்.)

நடுங்கினவன், “ஐயா, நீங்கதான் அந்தப் பதிவேட்டுக்காரரா? சென்னை ஆபீஸ் வரைக்கும் ஒங்க பேர் வந்துருச்சு. பார்க்கலாமா?” என்றான். எதிரியிடம் வாளைக் காட்டினால்தான் பயப்படுவான். காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்.

“அடேயப்பா, ஜூனும் முடிச்சிட்டீங்களே ஐயா!”

“வேலைன்னு வந்துட்டா சங்கிலிமுத்து அப்படித்தான்.”

“ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்யா. இப்படி விரிச்சுப் பிடிங்க. கொஞ்சம் சாய்ச்சு.”

நாலு போட்டோ எடுத்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 7

விசேஷம் ஒன்றுமில்லை. பதிவேட்டு வேலை முன்னமே முடிந்துவிட்டதால் மனசு லேசாக இருக்கிறது. தம்பி மகன் நிச்சயத்துக்குத் தேனி போய்வந்தேன்.

ஜூன் 17

சீனியம்மாள் படியில் கொஞ்சம் சறுக்கினாள். தமயந்தி ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை. குடம் நசுங்கிவிட்டது.

ஜூன் 18

தையல் போட்ட இடத்தில் குடல் இறங்கிவிட்டதாம். மறுபடி ஆபரேஷன். இப்போதெல்லாம் இது சின்ன விஷயம், எங்கள் ஆபீஸில் ஒருவன் மூன்று தடவை செய்துகொண்டு லாரி ஓட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் இருந்தேன். தமயந்தி என் பக்கம் வரவில்லை. டீக்கடையில் சாப்பிட்டேன்.

ஜூன் 24

தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். என்மேல் உள்ள மரியாதை.

ஜூலை 6

சீனியம்மாள் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருக்கிறாள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். “தண்ணி வந்துச்சா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

ஜூலை 13

தொண்ணூறு நாள் பூர்த்தி. பதிவேட்டைத் தபாலில் அனுப்பியாயிற்று. தமயந்தி ஒரு தடவை படிக்க வேண்டும் என்றாள். நேரில் வாசிக்கும்போது கேட்டுக்கொள் என்றேன். எல்லாவற்றையும் முன்கூட்டிக் காட்டிவிட்டால் விசாரணையில் என்ன சுவை இருக்கும்?

ஜூலை 24

கல்யாண மண்டபத்தில் விசாரணை. முந்நூறு பேர். (தமயந்தி நூறு என்பாள்.) நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு ஆளுக்கொன்று சொல்வார்கள்.

ஆணையத் தலைவர் வழுக்கைத் தலை, தூங்குகிற கண். கம்பெனிக்கு ஒரு பெண் வக்கீல். குரலையே உயர்த்தவில்லை. குரலை உயர்த்தாதவர்களை நம்பக் கூடாது என்று நான் எப்போதும் சொல்வேன்.

“ஐயா, இது நீங்களே நேரில் பார்த்து எழுதியதா?”

“ஒவ்வொரு எழுத்தும்.”

“தினமும் குழாயடியில் நின்று?”

“ஆறு மணி நேரம். சில நாள் ஏழு.”

“நூற்றியெட்டுப் படி என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணினீர்களா?”

“பல தடவை.”

“எங்கள் இன்ஜினியர் எண்ணியது எழுபத்துநான்கு.”

“ஒங்க ஆளுக்கு எண்ணவும் தெரியலையா?” என்றேன். மண்டபம் சிரித்தது. என் பக்கம் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

அந்தம்மாள் பக்கத்தைப் புரட்டினாள். “ஜூன் பதினெட்டு. ‘நானும் என் மனைவியும் கைகோத்தபடி குழாயடியில் ஆறு மணி நேரம் காத்திருந்தோம்.’ சரிதானே?”

தமயந்தி முன்வரிசையில் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மண்டபத்தில் ஃபேன் சத்தம் ரொம்ப அதிகம்.

“சரிதான்” என்றேன். வேறென்ன சொல்வது?

“ஜூன் முப்பத்தொன்றாம் தேதி ஒரு சொட்டுகூட வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.”

“வரலைன்னா வரலைதான்!” மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். தண்ணீர் டம்ளர் குதித்தது.

“கம்பெனி அதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறது” என்றாள் அந்தம்மாள், தலைவரைப் பார்த்து. “ஜூன் முப்பத்தொன்றில் நாங்கள் தண்ணீர் தரவில்லை. இனி எந்த வருஷமும் தரப்போவதில்லை.”

முதலில் எனக்குப் புரியவில்லை. பின்வரிசையில் யாரோ விரல் முட்டியில் மாசத்தை எண்ணினார்கள். அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரித்தது. எங்கள் தெருக்காரர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என் போட்டோவைத் திரையில் காட்டினார்கள். வெள்ளைச் சட்டை. கையில் பதிவேடு, ஜூன் மாசம் நிரம்பி. ஓரத்தில் தேதி: மே 28. பிரதாப் பயல் மூலையில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமயந்தி எழுந்து, “ஐயா, கம்பெனி மீட்டர் படிக்குக் கீழே டீக்கடைகிட்ட இருக்கு. மேலே வர்றதை அது காட்டாது” என்றாள். அருமையாகப் பேசினாள். என் ரத்தம்.

தலைவர் கண்ணைத் திறந்தார். “கீழே இருந்தாலும் அது ஒரு கருவி, அம்மா. மேலே உங்களுக்கு என்ன கருவி இருக்கிறது? இவர்தானே?”

தீர்ப்பு: பதிவேட்டை ஏற்க முடியாது. அந்தந்த நாளிலேயே எழுதின வேறு பதிவு ஏதாவது இருந்தால் ஆகஸ்ட் 3க்குள் தாக்கல் செய்யலாம். இல்லாவிட்டால் கரட்டுமேட்டு மனு தள்ளுபடி. அடுத்தது ஐந்து வருஷம் கழித்து.

சீனியம்மாள் கட்டிலிலிருந்து, “என்னாச்சு?” என்றாள்.

“நல்லாப் பேசினேன்” என்றேன்.

ஜூலை 25

காலையில் கதவைத் திறந்தால் வாசலை அடைத்து வரிசையாகக் குடங்கள். எல்லாம் கவிழ்த்து வைத்தவை. பதினாலு. தாண்டித்தான் வெளியே போனேன்.

டீக்கடையில் கோட்டைச்சாமி, “வாங்கண்ணே. இன்னைக்கு என்ன தேதி? காலண்டர்ல போட்டிருக்கிறதைச் சொல்லவா, ஒங்க பதிவேட்டுல இருக்கிறதைச் சொல்லவா?” என்றான். யாரும் எனக்கு இடம் விடவில்லை. அந்தக் கடையில் டீ எப்போதும் கழுநீர்தான். இனிப் போகமாட்டேன்.

இன்று யாரும் குடம் கொண்டுவந்து வைக்கவில்லை.

ஜூலை 26

ஒரு அவசர வேலையாகக் கீழே போய்வந்தேன். ஐந்து தடவை.

ஜூலை 27

தோளில் வலி. காற்று மாறியிருக்கிறது.

தமயந்தி வந்தாள். என்னிடம் பேசாமல் நேரே கட்டிலுக்குப் போய், “அத்தை, நீங்க காலண்டர்த் தாள்ல எழுதுவீங்களே, ஏதாவது இருக்கா?” என்றாள்.

நான் குறுக்கே புகுந்து, “அதெல்லாம் மே மாசமே குப்பைக்குப் போயிருச்சும்மா” என்றேன்.

சீனியம்மாள் கூரையைப் பார்த்தபடி, “அரிசி டிரம்முல இருக்கு” என்றாள். “குப்பையில இருந்து எடுத்து வச்சேன்.”

தமயந்தி டிரம்மில் கைவிட்டுத் துழாவி எடுத்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, கம்பியோடு. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 16 வரை. அறுபத்தொரு தாள். ஒவ்வொன்றிலும் மூன்று எண். 10.40, 11.00, 7. 12.05, 12.30, 8. ஒரு நாளாவது ஒரு மணி நேரம் வரவில்லை. ஒரு நாளாவது ஒரு நிமிஷத்தில் குடம் நிறையவில்லை. தமயந்தி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“போதும் அத்தை. இது போதும். கம்பெனி செத்தான்.”

“ரெண்டு நாளு இல்லையே” என்றாள் சீனியம்மாள். “மே ஒம்பது, பத்து.”

நான் வெளியே போய் நின்றேன்.

ஜூலை 28

தமயந்தி வக்கீலிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். “ஒரே வீட்டுல ரெண்டு பதிவு மாமா. அந்தம்மா முதல் கேள்வியே எது பொய்யின்னுதான் கேப்பா. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். பதிவேடு பொய்யின்னு.”

“பொய்யில்ல. கொஞ்சம் விரிவு.”

“மாமா.”

“தொண்ணூறு நாள் ஒழைப்பும்மா அது.”

“எத்தனை உட்காரல்?”

நர்ஸ் வேலைக்குப் போனால் வாய் நீண்டுவிடுகிறது. எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். சங்கிலிமுத்து என்ற பெயரைத் தேடினால் ஆணையத்துக் கோப்பில் வாழ்நாளெல்லாம் பொய்யன் என்று வரும். அதற்கு நான் ஆளில்லை.

ஜூலை 30

எழுதிக் கொடுத்தேன். “கம்பெனியின் மிரட்டலால் மனநிலை பாதிக்கப்பட்டு” என்று ஆரம்பித்து நாலு பக்கம். தமயந்தி கிழித்தாள்.

ஜூலை 31

மறுபடி எழுதினேன். “கண் பார்வைக் குறைவால் தேதிகளில் சிறு மாற்றம்.” இரண்டு பக்கம். கிழித்தாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 1

வெயிலில் கீழே போய்வந்து உட்கார்ந்தேன். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. மழை தூறியிருக்கலாம்.

சீனியம்மாள் சட்டையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “எழுதலேன்னா விட்ருங்க. அந்தப் புள்ளையப் போட்டு ஏன் இழுத்தடிக்கிறீக? நான் எந்திரிச்சதும் தூக்கிக்கிறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் வராமல் இருந்ததே இல்லை. அவள் சும்மாதான் சொன்னாள், நாளைக்குப் புளி வாங்க வேண்டும் என்கிற மாதிரி.

ஆகஸ்ட் 2

எழுதிக் கொடுத்துவிட்டேன். தமயந்தி படித்தாள். கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். பிரதி இங்கே:

“பதிவேட்டில் உள்ளதை நான் பார்க்கவில்லை. குழாயடியில் ஒரு நாளும் நின்றதில்லை. நின்றது என் மனைவி சீனியம்மாள். அவள் தாளில் எழுதியதே உண்மை. மே 9, 10 தாள்கள் இல்லாதது என்னால். ஜூன் 17 முதல் தாள் இல்லாதது அவள் தண்ணீர்க் குடத்தோடு படியில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்ததால். அதுவும் என்னால். இப்படிக்கு, சங்கிலிமுத்து.”

ஆறு வரிக்கு நாலு நாள் ஆகியிருக்கிறது.

ஆகஸ்ட் 19

ஆணையத்திலிருந்து ஒரு ஜூனியர் அதிகாரி நேரில் வந்தான். மேல்குழாய்க்கு அடியில் குடத்தை வைத்து, கையில் கடிகாரத்தோடு நின்றான். பிரதாப்பும் வந்திருந்தான். என்னைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா ஐயா?” என்றான். “ஒரு போட்டோ எடுத்துக்கோ” என்றேன்.

குடம் நிறைய எட்டு நிமிஷம் இருபது நொடி. அதிகாரி சீனியம்மாளின் தாள்களை ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்தான். “ஜூன் பதினாறோட நிக்குதே, அதுக்கப்புறம் ஏன்மா எழுதலை?”

“அப்புறம் பார்க்கலைய்யா” என்றாள்.

அவன் அதை எழுதிக்கொண்டான்.

செப்டம்பர் 19

உத்தரவு வந்துவிட்டது. கரட்டுமேட்டுக்குத் தனி பைப், தனி மோட்டார், ஆறு மாசத்துக்குள். மீட்டரை மேல்குழாய்க்கு மாற்ற வேண்டும். அதுவரை அடிபம்புக்குக் கைப்பிடியைத் திரும்ப மாட்ட வேண்டும். பதினாலாம் பக்கத்தில், “திருமதி சீனியம்மாள் அன்றாடம் குறித்த நாள்காட்டித் தாள்கள் நம்பத்தகுந்தவை” என்று அச்சில் இருக்கிறது. அதே பக்கத்தில் அடியில் என்னைப் பற்றியும் இரண்டு வரி. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

தமயந்தி பதினாலாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். தெருப் பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள். சீனியம்மாள் வாங்கி, தன் பெயரை மட்டும் விரலால் தேடிக் கண்டுபிடித்தாள்.

“சரியாத்தான் போட்டிருக்கான்” என்றாள்.

அக்டோபர் 1

கம்பெனி மேல்கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும். கைப்பிடியைக் கேட்டால் கிடங்கில் காணோம் என்கிறான். ஒரு ஊர்த் தண்ணீரை இருபது வருஷத்துக்குப் பார்த்துக்கொள்ள வந்தவனுக்கு ஒரு கைப்பிடியைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. டிசம்பரில் கோர்ட்டில் வருகிறதாம். அன்றன்றைய பதிவு தொடர்ந்து வேண்டும் என்று தமயந்தி சொல்லியிருக்கிறாள்.

டீக்கடையில் இன்று கோட்டைச்சாமி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். நான் உட்காரவில்லை. கையில் குடம் இருந்தது.

அக்டோபர் 6

காலண்டர்த் தாளைக் கிழித்துச் சீனியம்மாளிடம் கொடுத்தேன். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தாள். “எப்ப வந்துச்சு?”

“பத்து அம்பது.”

“பார்த்தீகளா?”

“நின்னு பார்த்தேன்.”

“நின்னது?”

“பதினொண்ணே கால்.”

“ஒரு குடத்துக்கு?”

பன்னிரண்டு என்று வாய் வரை வந்தது. “எட்டு” என்றேன். எழுதினாள். கம்பியில் குத்தினேன்.

மீதி ஐந்து குடம் கீழிருந்து. எழுபத்துநான்கு படிதான். கம்பெனிக்காரன் எண்ணினது சரி. நானும் எண்ணினேன்.